கொட்டாஞ்சேனை என்ற குடும்பப் பெயர்

கணினி நிரல் எழுதும் தொழிலில், ஒரு மனிதருக்கு என்னென்ன இருந்தே ஆகவேண்டும் என்று முடிவுசெய்கிறவன் அந்த மனிதரை ஒருநாளும் பார்ப்பதில்லை. படிவத்தில் சிவப்பு எழுத்து வந்து, மேலே நிரப்பவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு எழுத்தைச் செய்பவர்களில் நானும் ஒருவன்.

ஒரே கட்டளை

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அலுவலகம். நிரலில் ‘கிளாஸ்’ என்று ஒன்று எழுதுவோம். நோயாளி என்றால் பெயர், குடும்பப் பெயர், வயது, தொலைபேசி. இவற்றில் எது எழுத்து, எது எண், எது கட்டாயம் என்ற வரைவு அது. அதைப் பார்த்து, படிவத்தைச் சரிபார்க்கும் விதிகளை முன்பு கையால் எழுதினோம். கிளாஸை மாற்றுவோம், விதியை மாற்ற மறப்போம். ஆகவே கிளாஸை வாசித்து விதிகளைத் தானாகவே உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்தேன்.

மூன்று நாள் வேலை ஒரே கட்டளையில் முடிந்தது. நிறுவனத்தை நடத்தும் நிரோஷன் அண்ணை எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “மனிசர் எழுதாத விதியில இனி மனிசப் பிழை வராது.”

ஒரு பெரிய குடும்பம்

கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கிளினிக் நோயாளிகளைப் பதிய ஒரு படிவம் கேட்டது. வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு எழுதிய பழைய கிளாஸை அப்படியே எடுத்துப் போட்டேன். அதில் குடும்பப் பெயர் கட்டாயம். என் கடவுச்சீட்டில் இருப்பது அப்பாவின் பெயரும் என் பெயரும்தான். எங்கள் வீட்டில் எவருக்கும் குடும்பப் பெயர் இருந்ததில்லை. அது தெரிந்தவன்தான் அதை எடுத்துப் போட்டேன். கருவி அதை வாசித்து, கேள்வி கேட்காமல் விதியாக்கியது.

ஒரு மாதம் கழித்துப் பட்டியலைப் பார்த்தால் செல்லம்மா கொட்டாஞ்சேனை, ராமையா கொட்டாஞ்சேனை, மாரியாயி கொட்டாஞ்சேனை. பதிவு மேசையில் இருக்கும் குமுதினி அக்காவிடம் கேட்டேன். சிங்களவர், தம்பி என்பதற்கு ‘மல்லி’ என்றே என்னைக் கூப்பிடுவார். தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாக விளக்கினார்: “ரெண்டாவது பேர் போடாம சிஸ்டம் விடுறதில்ல மல்லி. அதான் இல்லாத ஆளுக்கு எல்லாம் நான் ஊர் பேர் குடுத்தது.”

கிளாஸில் ஒரு குறி போட்டால் அது கட்டாயமில்லாமல் போய்விடும் என்று நிரோஷன் அண்ணையிடம் சொன்னேன். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்கவேண்டும், அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். பிறகு பட்டியலை வாசித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், அதை மறைக்கமாட்டேன். “இருக்கட்டும் சுதன், கொட்டாஞ்சேனையில எல்லாரும் சொந்தக்காரர்தானே” என்றார்.

தேநீர்த் தட்டு

பட்டியலில் இருந்த அந்த மாரியாயி எங்கள் அலுவலகத்தில் தேநீர் போடுபவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். தலைசுற்றுகிறது என்றபோது அந்தக் கிளினிக்குக்குப் போகச் சொன்னதே நான்தான். இரத்தம் எடுத்தார்கள், அதில் சீனி கூடிவிட்டது என்றார்கள், அதைக் குறைக்கக் குளிசை கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் தட்டோடு படிக்கட்டில் விழுந்தார். களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சோதித்துப் பார்த்து, இவருக்குச் சீனி வருத்தமே இல்லை, குளிசைதான் விழுத்தியிருக்கிறது என்றார்கள்.

கிளினிக்கில் இரண்டு மாரியாயி கொட்டாஞ்சேனை. பெயரைத் தேடி அறிக்கை எடுத்தபோது, இரண்டு பெயரும் ஒத்துப்போனதால் வேறொன்றும் பார்க்காமல், மற்றவருடையது இவருக்கு வந்திருக்கிறது. கட்டிலருகே நின்று, எது நடந்தது, அதில் என் பங்கு எது என்று சொன்னேன். மாரியாயி அக்கா நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எனக்கு ஒரு பேருதான் தம்பி. இத்தன வருசமா அது போதுமாத்தான் இருந்துச்சு.”

மற்றவர்

அன்றே கிளாஸில் அந்தக் குறியைப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கருவி ஒரு நிமிடத்தில் விதிகளைத் திருத்தியது. சொல்லாமல் செய்ததற்கு நிரோஷன் அண்ணை ஒரு மணித்தியாலம் ஏசினார். பிழைக்காக ஒரு வார்த்தை இல்லை. அந்த ஏச்சு முழுவதும் நான் அவருடைய ரோல்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனி வருத்தம் உள்ள மற்ற மாரியாயிக்கு, உங்களுக்கு ஒன்றுமில்லை என்ற அறிக்கையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவரைத் தேடவேண்டும். கிளினிக்குக்குப் போய்க் குமுதினி அக்காவோடு பதிவைத் திறந்தேன். பெயர், கொட்டாஞ்சேனை, வயது. அதற்குக் கீழே வெறும் கட்டம். தொலைபேசி எண்ணை ஏன் வாங்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் சத்தம் போடவில்லை. “மல்லி, போன் நம்பர் போடாட்டியும் சிஸ்டம் விட்டதுதானே.”

இல்லாத பெயரைக் கட்டாயமாகக் கேட்டு, இருந்த தொலைபேசியை விருப்பத்துக்கு விட்ட அந்தக் கிளாஸின் முதல் வரியில், எழுதியவர் சுதன் என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அதை எந்த விதியும் இதுவரை தடுக்கவில்லை.