டாக்டர் என்று கூப்பிட்ட அக்கா

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் பிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டர் வருவதற்கு முன் நோயாளியை விசாரித்துக் குறித்துவைப்பது என் வேலை. வீட்டில்கூட அதை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. நர்ஸ்கள் ஓர் அறையில் சாப்பிடுவார்கள், டாக்டர்கள் இன்னோர் அறையில். நான் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை உடைக்கும் அக்கா ஒருவர் நோயாளியாக வந்து சேர்ந்தார். அவர் மட்டும் என்னை "டாக்டர்" என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. அந்தச் சொல்லுக்காகவே அவர் கட்டில் பக்கம் அடிக்கடி போனேன்.

அவர் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மனசு உறுத்தியது. "அக்கா, நான் டாக்டர் இல்லீங்க" என்றேன்.

"தெரியுமே. மொத நாளே சிஸ்டர் சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அப்படிக் கூப்பிட்டீங்க?"

"அன்னைக்கு ட்ரிப்ஸ் ஏறுன கை வீங்கி உசுரு போற வலி. 'ஏம்மா, ஏம்மா'ன்னு மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க பாட்டுக்கு அங்கிட்டுப் போனீங்க. 'டாக்டர்'னேன், திரும்பிட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என்னை யாரும் கூப்பிடுவதில்லை என்று அந்த மாடிப்படியில் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். கூப்பிட்டிருக்கிறார்கள். நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை.