நான் ஏற்றுக்கொண்ட செவ்வாய் விரதம்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. முடி கொட்டிய தலையில் மஞ்சள் துணி, நெற்றி நிறையத் திருநீறு. வழியில் எந்தக் கோபுரம் தெரிந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தார்.

பங்காருபேட்டை தாண்டியதும் அவர் கணவர் இட்லியைப் பிரித்தார். "துண்ணுட்டு வாந்தி மாத்திரைய போடு. மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே போடணும்னு டாக்டரு சொன்னாரு இல்ல?"

"இன்னிக்கு செவ்வாக்கெழம. முருகருக்கு வேண்டினுகீறேன். பச்சத்தண்ணி கூட பல்லுல படக்கூடாது."

"போன தடவ ராத்திரி பூரா வாந்தி எடுத்தியே, முருகரா வந்து பக்கெட்டு புடிச்சாரு?"

அக்கா கண் கலங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, உங்க விரதத்த நான் இருக்கறேன். நீங்க சாப்புடுங்க" என்றேன்.

"முருகரு ஒத்துப்பாரா?"

"அவருக்கு இன்னாக்கா, ஒரு வயிறு பட்டினி கெடந்தா போதும்."

சிரித்துவிட்டார். இட்லி சாப்பிட்டு மாத்திரையை விழுங்கினார்.

அடுத்த முறை பார்த்தபோது, "ஒரு வாட்டி கூட வாந்தி எடுக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு சரியாவற வரைக்கும் செவ்வாக்கெழம வெரதம் இருப்பீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

பிறகு அவர்கள் அந்த ரயிலில் வரவே இல்லை. விசாரிக்கலாம் என்றால் பெயர்கூடத் தெரியாது. செவ்வாய்தோறும் நான் பட்டினி கிடப்பதைப் பார்த்து, "போதும், நிறுத்து" என்கிறார் என் வீட்டுக்காரர். இன்று செவ்வாய். நான் சாப்பிட உட்கார்ந்தால், அக்கா உயிரோடு இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். எப்படி உட்காருவேன்?