வெற்றிடம் துடைக்கும் இயந்திரத்துக்கு ஓர் ஓட்டு

இதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது.

என் அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நோயாளிகளின் நேரப் பட்டியலைச் சீராக்கப் போய் ஒரு கணினி மொழியைக் கற்றுக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்ட மொழி அது. அதில் முட்டி மோதுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதினோரு வருடமாகப் பதில் எழுதினாள். மதியத்தில் ஒரு கை சாப்பாட்டு டப்பாவில், மறு கை விசைப்பலகையில். பாதிப் பேர் நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள்.

அந்த மொழியின் போக்கை ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த மொழியை வளர்க்க நிரல், அதாவது புரோகிராம், எழுதியவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பதில் சொல்கிறவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று அக்கா மனுப் போட்டாள். மொழியை உருவாக்கியவனுக்கு எங்கள் வீட்டில் மேதாவி என்று பெயர். தேனொழுகப் பேசினான், ஓட்டுக்கு விடலாம் என்றான். யார் ஓட்டு? அதே நிரல் எழுதியவர்கள் ஓட்டு. அடச்சீ!

ஒரே ஓட்டில் மனு தோற்றது. சரிசமமாக வந்திருந்தால் நிறைவேறியிருக்கும், விதி அப்படி.

அக்கா வாக்காளர் பட்டியலை வரிவரியாகப் பார்த்தாள். முதலிடத்தில் இருந்தது ஆளே இல்லை. யார் எதை எழுதினாலும் வரிக் கடைசியில் வீணாகக் கிடக்கும் வெற்றிடத்தைத் துடைக்க, மேதாவி ஓடவிட்டிருந்த தானியங்கி மென்பொருள். யார் எத்தனை திருத்தம் செய்தார்கள் என்று எண்ணித்தான் பட்டியல் போட்டார்கள். மனிதனா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதன் வாக்குச்சீட்டு மேதாவியின் மின்னஞ்சலுக்கே போயிருக்கிறது. வந்ததை அவன் வீணாக்கவில்லை, மனுவுக்கு எதிராகப் போட்டுவிட்டான்.

அக்கா அவனைக் கணினித் திரையில் அழைத்துக் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்றான், கொஞ்சமும் வெட்கமில்லாமல். பிறகு குழைந்தான்.

"முடிவை அறிவிக்கணும். நீங்க எழுதினாத்தான் எல்லாருக்கும் புரியும். ரெண்டு பத்தி எழுதித் தர்றீங்களா?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க மெஷினுக்குத்தான் ஓட்டு இருக்கே. அதையே எழுதச் சொல்லுங்க."

அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டாள். இப்போது மதியத்தில் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

நேற்று நான் அந்தக் கேள்வி பதில் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். நாற்பத்துமூன்று கேள்விகள் பதிலில்லாமல் கிடந்தன. இயந்திரம் மட்டும் தவறாமல் வந்து, ஒவ்வொரு கேள்வியின் கடைசியிலும் இருந்த வெற்றிடத்தைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது.