கேட்டினுக்குப் பின்னால் சொன்ன பெயர்

மழைக்கால ஈரமும் பூச்சி உருண்டை நெடியும் கலந்த துணி மணம் எங்கேயாவது மூக்கில் ஏறினால், இன்றைக்கும் நான் நடப்பதை விட்டு நின்றுவிடுவேன். நாங்கள் "கேட்டின்" என்று சொல்லும் சிவப்பு மேடைத்திரையின் மணம் அது. வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் விடுதியில் இருந்து படித்த காலத்தில், நாடகம் என்றால் எனக்குக் கிடைத்த இடம் அதற்குப் பின்னால்தான். குரல் மெல்லியது, ஞாபகம் நல்லது. ஆகவே நடிப்பவர்கள் வசனத்தை மறந்தால் முதற்சொல்லை எடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் நாடக மிஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நாடகம் முடிந்ததும் நடித்த ஒவ்வொருத்தியும் தனியே மேடையின் முன்னுக்கு வந்து, தன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லி, முதலில் தனக்குத் தானே கைதட்ட வேண்டும். பிறகுதான் சபை தட்டும். "கண்ணூறு படப்போகுது" என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள். மிஸ் விடமாட்டார். "ஊர் உங்களைப் புழுகாது பிள்ளையள், நீங்களே ஒருக்காப் புழுகுங்கோ" என்பார். புழுகுவது என்றால் எங்கள் ஊரில் புகழ்வது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு கூச்சப்பட்ட பிள்ளைகளெல்லாம் நிமிர்ந்து நடந்ததைத் திரை இடுக்கால் பார்த்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் நிற்பவளையும் அழைக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "றோசலின், புத்தூர்" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த வருடம் அரசியாக நடித்தவள் வாசுகி. விடுதியில் பக்கத்துக் கட்டில்; எனக்கிருந்த ஒரே சிநேகிதி; சரியான பயந்தாங்கொள்ளி. வசனம் தடுமாறினால் இடப்பக்கம் காதைச் சாய்ப்பாள், நான் எடுத்துக் கொடுப்பேன், அதைப் பிடித்துக்கொண்டு முழங்குவாள். நாடகத்தைக் குறையில்லாமல் முடித்தவள், பெயர் சொல்ல முன்னுக்கு வந்து, கொடிகாமத்திலிருந்து வந்து முன்வரிசையில் இருந்த தாய் தகப்பனைக் கண்டதும் விறைத்துப் போனாள். காது என் பக்கம் சாய்ந்தது. என் அப்பா கட்டாரில். அம்மா தோட்டத்தை விட்டு வரமாட்டார். எனக்கென்று அந்த மண்டபத்தில் ஒரு கதிரைகூட நிரம்பியிருக்கவில்லை. நான் "றோசலின், புத்தூர்" என்றேன்.

பழக்கதோஷத்தில் அவளும் அதையே கணீரென்று சொல்லிக் கைதட்டினாள். மண்டபமே தட்டியது. அவ்வளவு சத்தமும் என் பெயருக்குத்தான் என்று நெஞ்சு பொங்கியது. பிறகு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாசுகியின் முகம் செத்துப்போனது.

"என்னடி, சொந்தப் பேரையே மறந்துபோனியோ?" என்று தாய் கேட்டார்.

"ஓம் அம்மா, பயத்திலை மறந்துபோனன்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வாய் தவறிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். தவறவில்லை, அது அவளுக்கும் தெரியும். அதன்பின் அவள் மேடை ஏறவே இல்லை. அடுத்த பள்ளித் தவணையில் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாள், பக்கத்துக் கட்டில் அந்த வருடம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது.

இப்போது அதே மண்டபத்தில் நான் நாடகம் பழக்குகிறேன். சிவப்புக் கேட்டின் போய்விட்டது. பிள்ளைகள் போனில் பதிந்து வசனம் பாடமாக்குகிறார்கள்; எடுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லை. ஆனாலும் திரைக்கயிறு இழுப்பவள் வரை எல்லோரையும் முன்னுக்கு அழைத்துப் பெயர் சொல்ல வைக்கிறேன். போன மாதம் ஒருத்தி, "மிஸ், நீங்களும் உங்கடை பேரைச் சொல்லுங்கோவன்" என்றாள்.

"என்ரை பேருக்கு எப்பவோ கைதட்டிட்டினம் பிள்ளை" என்றேன்.

எல்லோரும் போனபின், மேடை நடுவில் நின்று, வெறும் கதிரைகளைப் பார்த்து, "வாசுகி, கொடிகாமம்" என்று உரக்கச் சொன்னேன். கை நோகும்வரை தட்டினேன். வேறு ஒருவரும் தட்டவில்லை.