ஓட்டை அடைபட்ட வலை

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மீன் விற்கும் என் அத்தான் கிரேக்கத் தீவுக்குப் போனது ஒரு புகைப்படம் எடுக்க. ஆசை அவர் மனைவியான என் அக்காவுடையது. பக்கத்துப் புறநகரான ஸ்தேனில் இருக்கும் அக்காவின் சிநேகிதி போன வருடம் அங்கே போயிருந்தார். கடற்கரை உணவகம் ஒன்றின் முன்னால், இரண்டு கம்பங்களுக்கிடையே தொங்கும் மீன்வலையின் பெரிய ஓட்டைக்குள் கணவரோடு தலையை நீட்டிச் சிரித்து, அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். பின்னால் நீலக் கடல். அக்காவின் இருபத்தைந்தாவது கலியாண நாள் லா கூர்னெவ் மண்டபத்தில் நடக்கவிருந்தது. மேடைத் திரைக்கு அதே ஓட்டை வேண்டும் என்றார். மொழிபெயர்க்க நானும் போனேன்.

மீன்பிடி ஊர் என்று விளம்பரத்தில் இருந்தது. கரையில் ஆறு படகுகள். நான்கில் பூச்செடி, ஒன்றில் ஐஸ்கிரீம் பெட்டி. ஆறாவது பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. உணவகத்தில் வந்த மீனின் கண்ணை அத்தான் குனிந்து பார்த்தார். "உது எங்கட கடைக்கு வாற பெட்டியில வந்ததுதான்" என்றார்.

முதல் இரண்டு நாளும் பலத்த காற்று. சேலை உடம்பில் நிற்காது. மூன்றாம் நாள் காற்று அடங்கியது. ஆனால் இரண்டு மணிக்குத் திரும்பும் கப்பல். அத்தானை வலையடியில் இடம்பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, அக்காவுக்குச் சேலை கட்டிவிட அறைக்குப் போனேன். முக்கால் மணி நேரம் எடுத்தது.

திரும்பி வந்தபோது ஓட்டை இல்லை.

அத்தான் மன்னார்க் கரையில் வலைகளோடு வளர்ந்தவர். உணவகச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த வலை ஊசியையும் நூலையும் கழற்றி எடுத்து, ஒரு வலைக்கண் பிசகாமல் பின்னி முடித்திருந்தார். கோணலாகத் தொங்கும் கலண்டரை மற்றவர்கள் நேராக்குவதுபோல.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"கிழிஞ்சிருந்தது."

"உதுக்குள்ள தலையை விடத்தானே பிளேன் ஏறி வந்தனாங்கள்!"

"ஏன் கத்துறீர்? இப்ப பாரும், ஒரு பாரை மீன் தப்பாது."

உணவகக்காரர் கத்தியோடு ஓடிவந்தார். வலையைப் புதிதாக வாங்கி, இரண்டு தலைக்கு அளவெடுத்துத் தானே வெட்டிய ஓட்டை அது என்று பயணிகளிடம் பழகிய பிரெஞ்சில் படபடவென்று பொரிந்தார். அதை அப்படியே தமிழில் சொன்னது என் பிழை. அத்தானின் முகம் கறுத்தது.

"புது வலையையோ வெட்டினவன்?" வலைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "முதல்ல என்னை வெட்டட்டும் எண்டு சொல்லும் மச்சாள்."

பத்திரிகையில் நீண்ட அறிக்கைகளைச் சுருக்கிப் பழகியவள் நான். "கொஞ்சம் யோசிக்கச் சொல்கிறார்" என்றேன் உணவகக்காரரிடம்.

படமெடுக்க வரிசையில் நின்றவர்கள் இந்தச் சண்டையைப் படமெடுத்தார்கள். கப்பல் ஊதியது. அக்கா நேரத்தைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், கடைசியில் அத்தானைப் பார்த்தார்.

"வலைக்குப் பின்னால போய் நில்லுங்கோ."

மண்டபத் திரையில் அந்தப் படம்தான் வந்தது. முன்னால் ஊதாச் சேலையில் அக்கா, நிமிர்ந்து நிற்கிறார். பின்னால் வலைக்குள் அத்தான், பிடிபட்ட முழியோடு.

"எங்கையப்பா ஓட்டை?" என்று ஸ்தேன் சிநேகிதி கேட்டார்.

கப்பலிலும் விமானத்திலும் பிறகு ஆர்இஆர் ரயிலிலும் அத்தானோடு ஒரு வார்த்தை பேசாத அக்கா சொன்னார்: "உங்கட ஆள் ஓட்டைக்குள்ள தலையை விட்டவர். எங்கட ஆள் அதைப் பின்னினவர்."

அத்தானுக்கு இது கேட்கவில்லை. மேடையேறி, திரைக்குக் கிட்டப் போய், மூலையில் தெரிந்த வலை முடிச்சொன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.