எங்கள் வேலையில் சேராத தளம்

உள்ளக வடிவமைப்புப் பட்டப்படிப்பில் நேரே போய்ச் சேர முடியாது. அதற்கு முன்னால் ஓராண்டு அடித்தளப் படிப்பு. கரிக்கட்டையால் கோடு போடுவதில் தொடங்கி நிறம், மரம், துணி, அட்டை மாதிரி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வைப்பார்கள். ஆண்டு முடிவில் செய்யும் ஒரு வேலையும் அதன் பிறகு ஒரு நேர்முகமும்தான் நம்மை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும். எங்கள் ஊரான டீட்டிகோனிலிருந்து தினமும் ரயிலேறி, அட்டை மாதிரிகளை மடியில் அணைத்துக்கொண்டு அந்த ஆண்டைக் கழித்தேன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான்.

இறுதி வேலைக்காக எங்களைப் பனிமலை ஊரான டாவோசுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பழைய ஹோட்டல் ஒன்றைப் புதுப்பிக்க இருந்தார்கள். இரண்டு நாள் தங்கி அளந்து, பிடித்த பகுதியைத் தெரிவுசெய்து புதிதாக வடிவமைக்க வேண்டும். ஆசிரியை ஆளுக்கொரு தளவரைபடம் தந்தார். நிலவறையின் பாதி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஊழியர்கள் தங்கும் அறைகள். அது எங்கள் வேலையில் சேராது."

அப்பா இந்த நாட்டுக்கு வந்த முதல் மூன்று குளிர்காலமும் டாவோசில் ஒரு ஹோட்டலில்தான் கோப்பை கழுவினார். எந்த ஹோட்டல் என்று நான் கேட்டதே இல்லை. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது நான் படியிறங்கினேன். விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த போர்த்துக்கீசப் பெண்ணொருவர் நான் கேட்டதும் தன் அறையைத் திறந்துவிட்டார். இரண்டு அடுக்குக் கட்டில்கள், நான்கு பேர். கூரை உயரம் இரண்டு மீற்றர் எட்டு சென்ரிமீற்றர். மேல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார முடியாது. கூரையோரம் ஒரு கீற்று ஜன்னல்; அதில் பனியும் நடந்துபோகிறவர்களின் சப்பாத்துகளும் மட்டுமே தெரிந்தன. எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொண்டேன்.

பின்னேரம் அப்பாவுக்குத் தொலைபேசினேன்.

"நீங்கள் இருந்த ஹோட்டல் எதப்பா?"

"அதை எப்பவோ இடிச்சுப்போட்டாங்கள். ஏன் பிள்ளை?"

"நீங்கள் படுத்த அறை எவ்வளவு பெரிசு?"

"அதை ஆர் அளந்தது? நாலு பேர் படுத்தம். தலைக்கு மேல சுடுதண்ணிக் குழாய் ஓடினது. மார்கழியிலயும் எங்களுக்கு வேர்க்கும்!" என்று சொல்லிச் சிரித்தார். விருந்தினர் வரும்போதெல்லாம் அவர் சொல்லிச் சிரிக்கும் கதைதான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதில சிரிக்க என்னப்பா இருக்கு?" என்று கத்திவிட்டேன். "அங்க போய் ஒருத்தரோடயும் கொழுவாத, பிள்ளை. படிச்சு முடி" என்றார் அவர். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் அந்த அறைகளையே வரைந்தேன். அறையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல், காற்றோட்டக் குழாய்க்கு வெட்டுமுகம் வரைந்தேன். பக்கத்திலிருந்த துணி உலர்த்தும் அறையை மறுபுறம் தள்ளி, வெளிச்சம் விழும் பக்கத்துக்குக் கட்டில்களைக் கொண்டுவந்தேன். நால்வர் அறையை இருவருக்காக்கினேன். வாசலில் ஈரச் சப்பாத்து வைக்க ஓர் இடமும் கொடுத்தேன்.

மதிப்பீட்டு நாளில் எனக்கு முன்னால் ஒரு சக மாணவி நின்றாள். அவள் எடுத்திருந்ததும் அதே நிலவறைதான். சாம்பல் பகுதியின் சுவர்களை எல்லாம் இடித்துவிட்டு ஸ்பா வைத்திருந்தாள். ஜன்னலே இல்லாத ஓர் இருட்டறைக்கு 'மௌன அறை' என்று பெயர். "என்ன துணிச்சல்! என்ன அமைதி!" என்றார் ஆசிரியை. எங்கள் வேலையில் சேராத தளம் அவளுக்கு மட்டும் எப்படிச் சேர்ந்தது?

நான் கை தூக்கினேன். "அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?"

"அதை ஹோட்டல் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்" என்றார் ஆசிரியை.

என் முறை வந்தது. "கேட்காத கேள்விக்கு நீ பதில் சொல்லியிருக்கிறாய்" என்றார் அவர். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் தலையைச் சாய்த்து, மிகக் கனிவாகக் கேட்டார்: "மனதைத் தொடுகிறது. இது உன் குடும்பத்தின் கதையா?"

என் வெட்டுமுகத்தை அவர் பார்க்கவே இல்லை. குழாயின் விட்டம், கட்டிலின் உயரம், ஜன்னலின் கோணம், ஒன்றைப்பற்றியும் ஒரு கேள்வி இல்லை. நான் ஓர் அறையை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓர் அகதியைக் கண்டுபிடித்தார். ஸ்பா வரைந்தவளிடம் அவளுடைய தகப்பன் எங்கே குளித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

"இது என் வரைபடம்" என்றேன். "பிழை இருந்தால் சொல்லுங்கள்." குரல் நடுங்கியது. அழப்போகிறேன் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் நீட்டினார். ஆத்திரத்திலும் குரல் நடுங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆறுக்கு நான்கு புள்ளி. தேறுவதற்கு வேண்டியதே நான்குதான்; மயிரிழையில் தேறினேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கதவு உள்ளுக்கோ திறக்குது?"

"ஓம்."

"அப்பிடித் திறந்தா ஒருத்தன் உடுப்பு மாத்தேக்க மற்றவன் உள்ளுக்கு வரேலாது. எங்கட அறையில விடிய நாலு பேரும் ஒரே நேரத்தில வெளிக்கிடவேணும். நாங்கள் முறை வைச்சுத்தான் எழும்பினது." விரல் அந்தக் கோட்டிலேயே நின்றது. இம்முறை அவர் சிரிக்கவில்லை. "மாடு மாதிரி அடைச்சு வைச்சவங்கள்" என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவ்வளவு ஆட்களில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்றே திருத்தினேன்.

நேர்முகத்தில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். காற்றோட்டத்தைப் பற்றி இருபது நிமிடம் குடைந்தார்கள். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் எந்தப் பரீட்சையிலும் வியர்த்ததில்லை. இடம் கிடைத்தது.

இப்போது மூன்றாம் ஆண்டு. அந்த ஹோட்டலைப் புதுப்பித்து முடித்துவிட்டார்கள். இணையத்தில் படங்கள் போட்டிருக்கிறார்கள்: வரவேற்பறை, மதுக்கூடம், மலை தெரியும் குளியல்தொட்டி. படங்களைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். ஊழியர்கள் இப்போது எங்கே தூங்குகிறார்கள் என்று ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டேன். விருந்தினர் அறைகளின் விலைப்பட்டியலை அனுப்பிவைத்தார்கள்.