கச்சிபௌலியில் ஒரு வாளிக் கடல்

என் கணவர் தூத்துக்குடிக்காரர். கடலில் கால் நனைத்தால் சளி பிடிக்கும் என்று கரையிலேயே நின்று வளர்ந்தவர். அவர்தான் ஹைதராபாத்தின் கச்சிபௌலி அடுக்ககத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், கடல் தயாரிக்கப் புறப்பட்டார்.

காரணம் இறால். சமைக்கிற இறால் அல்ல. மீன்தொட்டியில் பாசி தின்பதற்காக வாங்கிய, கண்ணாடி போன்ற சின்ன இறால்கள். ஒன்று வயிற்றடியில் முட்டை சுமந்தது. குஞ்சு பொரித்ததும் அலுவலகத்துக்கு இனிப்பு வாங்கிப் போனார். அந்த வாரமே எல்லாக் குஞ்சும் செத்தன.

“மம்மி, டாடி ஏடுஸ்துன்னாரு” என்று மகள் தெலுங்கில் வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன், உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். அவள் பிறந்த அன்று இவர் அழவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கிங் சரியில்லை என்று சண்டை போட்டார்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டார்: இந்த இறால் வாழ்வது நன்னீரில், ஆனால் குஞ்சு வளர உப்புநீர் வேண்டும். அடுத்த முறை பொரித்த குஞ்சுகளுக்கு என் சமையலறை உப்பை அள்ளிப் போட்டார். அவையும் போயின. அதற்கடுத்து, கடல்மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் உப்பும் அதை அளக்கக் கருவியும் வந்தன. கூடத்தில் ஒரு வாளி நிறைய உப்புநீர், அதில் புதிதாகப் பொரித்த குஞ்சுகள். குஞ்சுகளுக்குத் தீனியாகப் பச்சைப் பாசித் தண்ணீர், பால்கனி முழுக்க பாட்டில்களில்.

அந்த நேரம் பார்த்து அவரை அலுவலகத்துக்குத் தினமும் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை.

“நீ சும்மா பாத்துக்கிட்டா போதும். வேற சோலி கிடையாது” என்றார்.

சும்மா என்றால் உப்பளவு பார்ப்பது, பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, செத்ததை உறிஞ்சி எடுப்பது. நடுநடுவே அவர் போன் செய்து, “எல்லாம் உசுரோட இருக்கா?” என்பார். காய்ச்சலில் நான் படுத்திருந்தபோதுகூட இந்தக் கேள்வி வந்ததில்லை.

ஒரு மதியம், அதுவரை தலைகீழாக மிதந்துகொண்டிருந்த குஞ்சுகளில் சில, வாளியின் சுவரைப் பிடித்து நடந்தன. குட்டி இறாலாகிவிட்டன! மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, அவற்றைப் பிடித்துத் தனிப் பாத்திரத்தில் விட்டு, சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் சேர்த்தேன். பிழைத்தன. அவருக்குச் சாயங்காலம்வரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்து இந்தி கலந்து பேசும் அவருடைய தமிழ் நண்பர் குட்டி இறால்களைப் பார்க்க வந்தார்.

“கமால் பண்ணிட்டீங்க! எப்படி?”

“பொறுமைதான்” என்றார் கணவர்.

“ஹவ், ஆமா, அது சரி. நல்ல தண்ணிக்கு எப்போ, எப்படி மாத்தினீங்க?”

கணவர் என்னைப் பார்த்தார். “சொல்லுங்க” என்றேன்.

“அது… பாத்தாலே தெரியும்.”

“சிஸ்டர், நீங்களே சொல்லுங்க” என்று நண்பர் என் பக்கம் திரும்பினார்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி, “கரெக்ட், கரெக்ட்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார் என் கணவர்.